கண்ண மூடிகினு மூச்சு வுட்ட கத

நேத்து எனக்கு இருந்த வேல ஒண்ணே ஒண்ணுதான். பக்கத்து ஊரு ஹெல்த் சப் சென்டருக்குப் போயி பிரஷர் பாத்து, சிஸ்டர் கையெழுத்து போட்ட ஒரு ஸ்லிப் வாங்கிகினு வரணும்.

அவ்ளோதான். அஞ்சு நிமிஷ வேல. சுகர் மாத்திர வாங்கற பெரிசுங்க எல்லாம் நாஷ்டாவுக்கு முன்னாடி போயி முடிச்சிகினு வந்துடுவாங்க.

நான் போயிட்டு திரும்பி வர்றதுக்குள்ள என் வூட்டு வாசல்ல பிளாஸ்டிக் சேர் எறங்கிடுச்சி!

மொதல்லேந்து சொல்றேன்.

நான் இன்னா தொழில் பண்றேன்னு புதுசா கேக்கறவங்களுக்கு: போக்கர் பிளேயர் ஆவப் போறேன். மூணு வருஷமா ஆவப் போறேன். ஒரகடத்துல கீற ஒரு கம்பெனி வேலய வுட்டுட்டு, முழு நேரமா ஆவப் போறேன்.

போக்கர்னா சீட்டாட்டம்தான். ஆனா நம்ம கையில கீற சீட்ட வுட, எதிர்ல குந்திகினு கீறவன் மூஞ்சியதான் அதிகமா படிக்கணும். நம்ம மூஞ்சில மட்டும் ஒண்ணுமே தெரியக் கூடாது. நல்ல சீட்டு வந்தாலும் அதே மூஞ்சி, நாசமாப் போனாலும் அதே மூஞ்சி.

காசு வெச்சு ஆன்லைன்ல ஆடறது இப்ப கூடாதுன்னு ஆயிடுச்சி. அதனால நாங்க ஆறு பேரு ஒரு குரூப் சேந்து, செல்லுல சும்மா சிப்ஸ், அதான் பொய்க் காசு, வெச்சு பயிற்சி எடுத்துகினு கீறோம். அந்தக் கணக்குல நான் பெரிய கோடீஸ்வரன். அந்தக் கோடிய எடுத்துகினு திருப்புலிவனம் டீக்கடைக்குப் போனா ஒரு பன்னு குடுக்க மாட்டாங்க.

எங்களுக்கு ஒரு கோச். சென்னையிலேந்து வீடியோ கால்ல வருவாரு. மொத நாளு, "உத்திரமேரூர் பக்கத்துலேந்து போக்கரா? எப்டிப்பா?"ன்னு கேட்டாரு.

"சார், ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே குடத்துல ஓலயப் போட்டு குலுக்கி எடுத்த ஊருக்காரன் நான். குலுக்கறது எங்க ரத்தத்துல கீது"ன்னேன்.

அசந்துட்டாரு. இன்னிய வரைக்கும் அவரு என்னப் பாத்து அசந்தது அந்த ஒரு வாட்டிதான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். கோவால நேர்ல ஆடற போட்டி ஒண்ணு வருது. எங்க ஆறு பேர்ல ஒருத்தர கோச் அவரு செலவுல கூட்டிகினு போறாரு. போன தடவ கூட்டிகினு போனவன் ரெண்டாவது நாளே டேபிள் மேல மயங்கி வுயுந்துட்டான். அதுலேந்து கோச்சுக்கு பயம்.

"இது ஒடம்பு ஆட்டம் பாபு. பன்னெண்டு மணி நேரம் ஒரே எடத்துல குந்தணும். ஒடம்பு ஒயுங்கா இல்லன்னா மூள வேல செய்யாது. உனக்கு கேம் கீது, ஆனா பிரஷர் கீது. நூத்தி முப்பதுக்குள்ள கொண்டா. ஒரு மாசம் டைம், கடைசி நாளு அஞ்சு மணிக்குள்ள ஸ்லிப்ப அனுப்பு. இல்லன்னா அடுத்த ஆளு."

போன மாசம் மெடிக்கல் கேம்ப்ல பாத்தப்ப எனக்கு நூத்தி அறுவது. வயசு இருவத்தொம்போது!

அதுலேந்து ஒரு மாசம் கோச் சொன்னது எல்லாம் பண்ணேன். டீய வுட்டேன். பத்து மணிக்கு படுத்தேன். மொளக்கட்டின பயிறு துன்னேன். நாலு எண்ணி மூச்சு இயுக்கணும், ஏழு எண்ணி அடக்கணும், எட்டு எண்ணி வுடணும்னு ஒரு பயிற்சி, அதயும் பண்ணேன். வெளிய போறப்பலாம் தொப்பி, கருப்புக் கண்ணாடி போட்டுகினு பழகினேன், அப்பதான் டேபிள்ல கூச்சம் இருக்காதாம்.

எங்க காலனில கருப்புக் கண்ணாடி போட்டுகினு போற ரெண்டே பேரு, கண்ணு ஆபரேஷன் பண்ண முனுசாமி தாத்தாவும் நானும்தான்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அம்மா பேரு கன்னியம்மா. நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலன்னு எது கெடச்சாலும் போவும். அப்பா நான் பத்தாவது படிக்கச் சொல்லோவே செத்துப் பூட்டாரு. நான் வூட்டுல குந்திகினு கம்ப்யூட்டர் வேல பாக்கறேன்னு அம்மா நெனச்சிகினு கீது. நான் நெனச்சிகினு இருந்தது அப்டி.

சரி, நேத்துதான் அந்தக் கடைசி நாளு, காலைல ஒம்போது மணிக்கு கெளம்பினேன். அம்மா ஏழு மணிக்கே நடவுக்குப் போயிடுச்சி. வண்டி எடுக்கல. நடந்து போனா பிரஷர் கொறயும்னு கோச் சொல்லிகீறாரு. மூணு கிலோமீட்டர்.

அரை கிலோமீட்டர் போறதுக்குள்ள பின்னாடி மொபெட் சத்தம். ஏழுமல மாமா. அம்மா கூடப் பொறந்த தம்பி. என் விஷயம் தெரிஞ்ச ஒரே ஆளு. ஒரு நாளு என் செல்லுல எட்டிப் பாத்துட்டாரு.

"இன்னாடா, கண்ணாடி கிண்ணாடி எல்லாம்? எங்க போற?"

"பிரஷர் பாக்க மாமா."

"ஏன் வராது பிரஷரு? சீட்டத் தொட்டவன் வூடு உருப்பட்டதா சரித்திரம் கீதா? உங்க அம்மா சேத்துல காலு வெக்கறா, நீ செல்லுல சீட்டு வெக்கற. தூ! ஒரு நாளு இல்ல ஒரு நாளு அவகிட்ட சொல்லித்தான் ஆவப் போறேன்."

மூஞ்சில ஒண்ணும் காட்டாம நின்னேன். பயிற்சி.

"பாரு, சொல்லிகினு கீறேன், செவுரு மாதிரி நிக்கறான்! சொரணை கீதாடா உனக்கு?"ன்னு கத்திட்டு மொபெட்ட முறுக்கிகினு பூட்டாரு.

பிரஷர ஏத்தி வுட்டாரா? வுட்டாரு. அதோட தீரல. ஊரு எல்லையில ரெண்டு நாயி. தொப்பியும் கண்ணாடியும் போட்டவன அதுங்க எங்க பாத்துகீதுங்க? தொரத்துச்சிங்க பாரு, கோச் தெனம் நடக்கச் சொன்ன பத்தாயிரம் அடியில பாதிய நான் ஓடியே முடிச்சிட்டேன்.

சப் சென்டர்ல சிஸ்டர் மட்டும்தான் இருந்தாங்க. பட்டய கையில சுத்தி, பம்ப அழுத்தி, காதுல மாட்டிகினு கேட்டாங்க.

"நூத்தி அம்பத்தெட்டு. இன்னா தம்பி, ஓடியா வந்த?"

"ஆமா சிஸ்டர். நாயி."

"பேசாம அங்க குந்து. இருவது நிமிஷம் கயிச்சிப் பாக்கறேன்."

குந்தினேன். பக்கத்துல சுகர் மாத்திர வாங்க வந்த பச்சையம்மா அத்த. எங்க ஊருதான், எங்க தெருதான். அதுங்கிட்ட பேசாம இருக்கறது கோவாவுல ஜெயிக்கறத வுட கஷ்டம்.

"பாபு, உனக்கு இன்னா பிரஷரு? கல்யாணம் ஆனவனுக்குதான் வரும்."

சிரிச்சேன்.

"எப்பதான் கட்டிக்கப் போற? உன் செட்டு பசங்க எல்லாம் ரெண்டு புள்ள பெத்துட்டானுங்க. வேல இன்னாவோ கம்ப்யூட்டராமே? மாசம் எவ்ளோ வருது?"

கோடி கோடியா வருது அத்தன்னு எப்டி சொல்றது? சும்மா தலய ஆட்டினேன்.

"உங்க அம்மா பாவம்டா. நேத்துகூட வரப்புல தல சுத்துதுன்னு குந்திட்டா. உன்ன நெனச்சிதான்."

சிஸ்டர் மறுபடியும் பாத்தாங்க. நூத்தி அறுவத்திரெண்டு.

"இன்னா தம்பி, குந்தி குந்தி ஏறுது?"

"நான் குந்தல சிஸ்டர். அத்த குந்த வுடல."

சிஸ்டர் சிரிச்சிட்டாங்க. "நான் எதிர்ல அங்கன்வாடிக்குப் போயி கொயந்தைங்களுக்கு ஊசி போட்டுட்டு வரேன். அரை மணி நேரம் ஆவும். அது வரைக்கும் வெளிய வேப்பமரத்தடி பெஞ்சில கண்ண மூடிகினு சாஞ்சி இரு. யாருகிட்டயும் பேசாத. யாரு கூப்ட்டாலும் பதில் குடுக்காத. புரியுதா?"

நல்லா புரிஞ்சிது. எனக்கு புரிஞ்சிதுதான் தப்பாப் போச்சி.

பெஞ்சில சாஞ்சேன். செல்ல பிளைட் மோடுல போட்டேன். காதுல இயர்போன், மழ பெய்யற சத்தம், கோச் அனுப்பினது. கண்ணாடிக்குள்ள கண்ண மூடினேன். நாலு இயுத்து, ஏழு அடக்கி, எட்டு வுட்டு. ஒடம்பு அப்டியே எளகுச்சி. கையி ரெண்டும் பெஞ்சுக்கு கீய தொங்குச்சி. தல ஒரு பக்கமா சாஞ்சிது. அட, இன்னா சொகம்! ஒரு மாசமா பண்ணிகினு கீறேன், நேத்துதான் மொத மொதல்ல ஒயுங்கா வந்துது.

இதுக்கு மேல நடந்தது எனக்கு அப்ப முழுசா தெரியாது. பச்சையம்மா அத்த வாயால அப்புறமா கேட்டது.

அத்தைக்கு என்ன கிண்டிட்டமேன்னு மனசு கேக்கல. எதிர் கடையில ஒரு டீ வாங்கிகினு வந்துகீது. "பாபு, டீ குடி"ன்னுகீது. பதில் இல்ல. "டேய் பாபு!" பதில் இல்ல. தோள்ல தட்டிகீது. நான் கோச்ச நெனச்சிகினு கம்முனு கீறேன். மூஞ்சில ஒண்ணும் தெரியக் கூடாதே!

அத்தைக்கு பயம் வந்துடுச்சி. மூக்குகிட்ட வெரல வெச்சிப் பாத்துகீது.

எந்த நேரத்துல வெச்சிதுன்னு நெனைக்கறீங்க? ஏழு எண்ணி அடக்கற நேரத்துல!

மூக்குகிட்ட இன்னாவோ வந்தது மட்டும் எனக்கு தெரிஞ்சிது. ஈன்னு நெனச்சேன். ஈ கலைக்கறவன் போக்கர் பிளேயர் இல்லன்னு இன்னும் ரெண்டு எண்ணு சேத்து அடக்கினேன்.

அத்த டீ டம்ளர கீய போட்டுகீது. ஐயோன்னு அலறிகினு ரோட்டுக்கு ஓடி, எங்க ஊரு பக்கம் போன ஒரு பைக்க நிறுத்தி ஏறிகீது. எதிர்லயே அங்கன்வாடியில சிஸ்டர் கீறாங்களே, கூப்புடணும்னு தோணல. போன்ல சொல்லவும் மனசு வரல.

"பெத்தவகிட்ட இதெல்லாம் நேர்ல போயி சொல்லணும்டா. போன்ல சொன்னா நல்லா இருக்குமா?" இது அத்த எனக்கு சொன்ன வெளக்கம். நியாயமான கேள்விதான்.

நான் கண்ணத் தொறந்தப்ப கீய டம்ளர் கெடந்துது, டீ கொட்டி எறும்பு மொச்சிகினு இருந்துது. அத்தயக் காணோம். மாத்திரகூட வாங்காம பூடுச்சி. நான் பேசலன்னு கோவிச்சிகிச்சி போலன்னு நெனச்சேன்.

சிஸ்டர் வந்து பாத்தாங்க. நூத்தி நாப்பத்திரெண்டு!

"பரவால்லயே! எறங்குது. வூட்டுக்குப் போயி சாப்ட்டு, படுத்து எந்திரிச்சி மூணு மணிக்கு வா. நாலு மணி வரைக்கும் கீறேன்."

எனக்கு தெம்பு வந்துடுச்சி. இன்னும் பன்னெண்டுதான்! ரோட்டு வழியா போனா நாயி, மாமா, கல்யாணம். வேணாம். ஏரிக்கரை மேல சுத்திகினு மெதுவா போலாம்னு முடிவு பண்ணேன். செல்லு பிளைட் மோடுலயே இருக்கட்டும். எவனும் போன் பண்ணி ஏத்தக் கூடாது.

கரை மேல ஒரு எடத்துல குந்தி, தண்ணில நிக்கற கொக்க வேடிக்க பாத்தேன். கொக்குக்கு இன்னா பொறும! மூஞ்சில ஒண்ணும் தெரியல. அது கோவாவுக்குப் போனா ஜெயிச்சிடும்.

அந்த நேரத்துல ரோட்டு மேல ஒரு ஷேர் ஆட்டோவுல எங்க அம்மா தலயில அடிச்சிகினு சப் சென்டருக்குப் போயிகினு இருந்துது. நான் கரை மேல கொக்கு பாக்கறேன்.

ஒண்ணர மணிக்கு எங்க தெருவுல நொயஞ்சேன். எங்க வூட்டு வாசல்ல குட்டி யானை வண்டியிலேந்து சேர் எறக்கிகினு கீறாங்க. நாலு பொம்பளைங்க செவுத்தோரம் குந்திகினு கீறாங்க. எதிர்ல புளியமரத்தடில பாயி விரிச்சாச்சி. அஞ்சு பேரு வட்டமா குந்தி, சீட்டு ஓடுது.

எங்க ஊரு வழக்கம் தெரியாதவங்களுக்கு சொல்றேன். எயவு வூடுன்னா மோளம் வருதோ இல்லியோ, பாடை கட்டறாங்களோ இல்லியோ, மொதல்ல பாயி வந்துடும், சீட்டு வந்துடும். சொந்தக்காரங்க வந்து சேர்ற வரைக்கும் ஆம்பளைங்க ரம்மி ஆடணும். காசு கெடையாது, புளியங்கொட்டதான். அன்னிக்கு மட்டும் ஏன் சீட்டாடறன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

பக்கத்துல போனேன். நடுவுல குந்திகினு சீட்டு போடறது யாரு? ஏழுமல மாமா! சீட்டத் தொட்டவன் வூடு உருப்படாதுன்னு காலைல சொன்ன அதே மாமா!

அம்மாவுக்குதான் இன்னாவோ ஆயிடுச்சி. வரப்புல தல சுத்திச்சின்னு அத்த சொல்லிச்சே!

"யாரு?"ன்னேன், கரகரன்னு.

மாமா நிமுந்துகூட பாக்கல. சீட்ட விசிறி மாதிரி விரிச்சி புடிச்சிகினு, "நம்ம பாபுதான். அக்கா புள்ள. காலைல நல்லாத்தான் போனான். பிரஷரு"ன்னாரு.

அப்டியே பாயில குந்திட்டேன். செத்தது அம்மா இல்லன்னதும் வந்த நிம்மதி ஒரு பக்கம். செத்தது நானான்னு ஒரு பக்கம்.

"உங்க அக்கா எங்க?"ன்னேன்.

"பாடிய எடுத்தார ஆட்டோவுல போயிகீது. வேணாம்க்கா, நான் போறேன்னேன், கேக்கல. நீங்க வெளியூரா? நல்ல நேரத்துல வந்தீங்க, ஒரு கை கொறயுது. குந்துங்க."

தொப்பி, கருப்புக் கண்ணாடி. அவங்க சீட்டுலேந்து கண்ண எடுத்தாதான, செத்தவன் பக்கத்துல வந்து குந்துவான்னு எவன் நெனைப்பான்?

அப்பவே கண்ணாடிய கயிட்டி, "மாமா, நான்தான்"னு சொல்லி இருக்கணும். அறிவு கீற எவனும் அதத்தான் பண்ணி இருப்பான். உடனே செல்ல எடுத்து அம்மாவுக்கு போன் பண்ணி இருக்கணும்.

அதுக்குள்ள எனக்கு பதிமூணு சீட்டு வந்து வுயுந்துடுச்சி.

மூணு வருஷமா செல்லுல ஆடறவன்யா நான்! என் வாழ்க்கையில மொத வாட்டி, மெய்யான ஆளுங்க, மெய்யான சீட்டு, எதிர்ல மூஞ்சிங்க! ஒரு ஆட்டம், ஒரே ஒரு ஆட்டம் முடிச்சிட்டு சொல்லிடலாம்னு கையி தானா எடுத்துடுச்சி. இத சொல்ல எனக்கே வெக்கமா கீது. ஆனா எடுத்துடுச்சி.

ஆடிகினே என்ன பத்தி பேசிகினு இருந்தாங்க.

"நல்ல பையன்."

"நல்ல பையன்தான். வேல வெட்டிதான் கெடையாது."

"கம்ப்யூட்டர்ல இன்னாவோ பண்ணிகினு இருந்தானே?"

"கம்ப்யூட்டரு!" மாமா ஒரு சீட்ட எறக்கினாரு. "சீட்டாடிகினு இருந்தான்யா. சீட்டுதான் அவன கொண்டும் போச்சி. நான் தலயால அடிச்சிகினேன். ஏய், அந்த ஆட்டின் ராணிய ஏன் போட்ட? நான் கேட்டுகினு கீறேன்ல?"

சொல்லிட்டு காத சொறிஞ்சாரு. அப்பதான் கவனிச்சேன், ஜோக்கர் வந்தா மாமா காத சொறியறாரு! பக்கத்துல இருந்தவரு நல்ல சீட்டு வந்தா மூக்க உறிஞ்சறாரு. எல்லார் மூஞ்சியும் தொறந்த பொஸ்தகமா தெரியுது எனக்கு. மனசு அவ்ளோ அமைதி. ஜெயிக்கணும்னு இல்ல, கோவா இல்ல, கல்யாணம் இல்ல. செத்தவனுக்கு இன்னா கவல?

அஞ்சாவது சுத்துல ரம்மி சேந்துடுச்சி. சீட்ட விரிச்சி பாயில போட்டு, "மாமா, ஆட்டம் முடிஞ்சிது!"ன்னு கத்திகினே சந்தோஷத்துல கண்ணாடிய கயிட்டிட்டேன்.

மாமா பாத்தாரு. கையில இருந்த சீட்டு ஒண்ணொண்ணா கீய வுயுந்துது. மூக்க உறிஞ்சினவரு எந்திரிச்சி ஓடியே பூட்டாரு, செருப்புகூட போடல. செவுத்தோரம் இருந்த பொம்பளைங்க வீல்னு கத்தறாங்க.

அந்த நேரம் பாத்து ஆட்டோ வந்து நிக்குது.

மொதல்ல எறங்கினது சிஸ்டர். கையில பிரஷர் பொட்டி. "நல்லா நடந்து போனாரும்மா"ன்னு அவங்க எவ்ளோ சொல்லியும் அம்மா நம்பல. "செத்தவன் எங்கருந்து நடப்பான்? வந்து காட்டு"ன்னு கையப் புடிச்சி ஆட்டோவுல ஏத்திகினு வந்துடுச்சி.

அப்புறம் அம்மா எறங்கிச்சி. நடவு சேறு மொயங்காலு வரைக்கும் அப்டியே காஞ்சி போயி கீது. பொடவ ஒரு பக்கம் அவுந்து கெடக்குது. பின்னாடியே பச்சையம்மா அத்த.

அம்மா என்னப் பாத்துச்சி. பாயப் பாத்துச்சி. என் முன்னாடி விரிச்சி கெடக்கற பதிமூணு சீட்டப் பாத்துச்சி.

வந்து பளார்னு ஒண்ணு வுட்டுச்சி. தொப்பி பறந்துடுச்சி. இன்னொண்ணு வுட்டுச்சி. மூணாவதுக்கு கையத் தூக்கி, அடிக்காம என் தலயப் புடிச்சி வயித்தோட வெச்சி அழுத்திகிச்சி. "எப்பா, எப்பா"ன்னு அதயேதான் சொல்லிச்சி. எனக்கும் அழுவ வந்துடுச்சி, நல்லாவே அயுதேன். மூஞ்சில ஒண்ணும் தெரியக் கூடாதுன்றது எல்லாம் எங்க போச்சோ!

பச்சையம்மா அத்த மட்டும் என் மூக்குகிட்ட மறுபடியும் வெரல வெச்சிப் பாத்துச்சி. "இப்ப வருது"ன்னுச்சி.

சிஸ்டர் பொட்டியத் தொறந்தாங்க. "கைய நீட்டு தம்பி. உன்னால என் வேல எல்லாம் கெட்டுது."

பாயிலயே வெச்சிப் பாத்தாங்க. ரெண்டு வாட்டி பாத்தாங்க. மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சி.

"நூத்தி பதினெட்டு!"

"எவ்ளோ?"

"நூத்தி பதினெட்டு, எழுவத்தாறு. கொயந்த மாதிரி கீது. ரெண்டு அற வாங்கி, இவ்ளோ கூத்துக்கு அப்புறமுமா? இன்னா தம்பி பண்ண?"

"ஒண்ணுமே பண்ணல சிஸ்டர். செத்துட்டேன், அவ்ளோதான்."

ஸ்லிப் எழுதி கையெழுத்து போட்டு குடுத்தாங்க. எனக்கு ஆகாசத்துல பறக்கற மாதிரி கீது. கோவா!

அப்ப அம்மா செவுத்தப் புடிச்சிகினு மெதுவா கீய குந்திச்சி. "ஒண்ணும் இல்ல, தலதான் சுத்துது"ன்னுச்சி. சிஸ்டர் பட்டய கயிட்டி அம்மா கையில சுத்தினாங்க. பம்ப அழுத்தினாங்க. இன்னும் அழுத்தினாங்க. இன்னும்.

"நூத்தி தொண்ணூறு"ன்னாங்க. இந்த வாட்டி அவங்க சிரிக்கல.

"எவ்ளோ நாளா தல சுத்துது? இன்னிக்கு பயந்ததுல வந்தது மட்டும் மாதிரி தெரியலம்மா. இதுக்கு முன்னாடி எப்பனா பாத்துகீறியா?"

"எனக்கு எங்க சிஸ்டர் நேரம்?"

சிஸ்டர் திரும்பி என்ன ஒரு பார்வ பாத்தாங்க பாரு. ஒரு மாசமா நான் மொளக்கட்டின பயிறு துன்னுகினு, எண்ணி எண்ணி மூச்சு வுட்டுகினு, என் பிரஷர கொறச்சிகினு இருந்தேன். அந்த பயிற ராத்திரி ஊற வெச்சி, காலைல வடிச்சி, துணியில கட்டித் தொங்க வுட்டது யாருன்னு நெனைக்கறீங்க?

கையோட அதே ஆட்டோவுல அம்மாவ ஏத்திகினு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பாத்து, ரெண்டு மணி நேரம் படுக்க வெச்சி, மாத்திர குடுத்து, எறங்கினதும் அனுப்பினாரு. தெனம் சாப்புடணும், வாரம் ஒரு வாட்டி பாக்கணும், உப்ப கொறைக்கணும்.

அங்க குந்திகினு இருக்கச் சொல்லோதான் செல்ல பிளைட் மோடுலேந்து எடுத்தேன். நாப்பத்தேழு மிஸ்டு கால்னு மெசேஜ் வந்து கொட்டுச்சி. முப்பத்தொண்ணு அம்மா. நாலு அம்பதுக்கு ஸ்லிப்ப படம் புடிச்சி அனுப்பினேன். உடனே கோச் பதில்: "சூப்பர்! நீதான் வர. எப்டி கொறச்ச? டெக்னிக்க குரூப்புல போடு."

நான் குரூப்புல ஒண்ணும் போடல.

வூட்டுக்கு வந்தோம். சேரெல்லாம் திரும்பிப் போயாச்சி. மாமா வாசல்ல மொபெட் மேல குந்திகினு இருந்தாரு. என்னப் பாத்ததும் திட்டப் போறாருன்னு நெனச்சேன். "அந்த அஞ்சாவது சுத்துல உங்கிட்ட ஜோக்கர் எத்தினி இருந்துது?"ன்னு மட்டும் கேட்டாரு. ரெண்டுன்னேன். தல ஆட்டிகினே பூட்டாரு.

அம்மாவுக்கு கஞ்சி வெச்சி குடுத்தேன். உப்பு போடல. குடிக்கச் சொல்லோ பக்கத்துல குந்தி, "அம்மா, நான் கம்ப்யூட்டர் வேல பாக்கல"ன்னேன்.

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"சீட்டாடற. மூணு வருஷமா தெரியும். தூக்கத்துல சீட்டு போடு, கால் பண்றேன், ரெய்ஸ் பண்றேன்னு உளர்ற."

"தெரிஞ்சும் ஏம்மா ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா உனக்கு பிரஷர் ஏறுமேன்னுதான்."

கஞ்சி டம்ளர அது பாட்டுக்கு கீய வெச்சிது. மூஞ்சில ஒண்ணுமே தெரியல. ஊரு ஒலகத்துல கீறவன் மூஞ்சி எல்லாம் படிக்கக் கத்துகினு, தெனம் எதிர்ல குந்தி சோறு போட்ட மூஞ்சிய நான் மூணு வருஷமா படிக்கல.

"நான் கோவாவுக்குப் போவலம்மா. உன்ன வுட்டுட்டு இப்ப எதுக்கு?"ன்னேன். மெய்யாவே அப்டித்தான் தோணிச்சி.

அம்மா வாயத் தொடச்சிகினு மாத்திரய முழுங்கிச்சி.

"ஏன், இவ்ளோ பேர அலற வெச்சி வாங்கின சிலிப்ப வீணாக்குவியா? போயிட்டு வா. ஆனா எங்க போனாலும் கண்ணத் தொறந்துகினு மூச்சு வுடு."